கொல்லைக் கதவு

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் கணினி ஆசிரியர் அல்லன். எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துபவன். இந்தத் தலைப்பில் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, என் கணினிக்குள் ஒருமுறை திருடன் புகுந்தான் என்பதுதான். அவன் புகுந்தது தெரிந்த பிறகு நான் செய்த தவறு, அவன் செய்ததைவிடப் பெரியது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசல் கதவு தடித்த மரம், பெரிய பூட்டு. கொல்லைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மட்டும். சாமான் இறக்க நாமே உள்ளே அழைத்த ஒருவன், போகும்போது கொல்லைத் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கி வைத்துவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவன் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். வாசல் பூட்டு அப்படியே இருக்கும். நாமும் நிம்மதியாகத் தூங்குவோம்.

கணினியில் இப்படிப்பட்ட தீநிரலுக்கு 'பேக்டோர்' என்று பெயர். பின்கதவு. வைரஸ் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிப் பரவுவது. பேக்டோர் பரவ வேண்டிய அவசியமில்லை. அமைதியாக உட்கார்ந்து, வெளியே இருப்பவனுக்கு வழி திறந்து வைப்பதுதான் அதன் வேலை. நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யலாம், திரையைப் படம் எடுக்கலாம், கோப்புகளை எடுக்கலாம், புதிதாக வைக்கவும் செய்யலாம்.

"கணினியில் ஃபயர்வால் இருக்கிறதே, அது தடுக்காதா?" என்று கேட்பீர்கள். ஃபயர்வால் முக்கியமாக வெளியிலிருந்து உள்ளே வர முயல்பவர்களைத் தடுக்கும். இன்றைய பேக்டோர்கள் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே அழைக்கின்றன. வீட்டுக்குள் இருப்பவரே கதவைத் திறந்து "வாங்க" என்று அழைத்தால் காவலாளி என்ன செய்வார்?

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், காலாண்டுத் தேர்வு வினாத்தாள் ஒன்றைத் திருத்த, பிடிஎஃப் கோப்புகளை மாற்றியமைக்கும் மென்பொருள் தேவைப்பட்டது. விலை கொடுத்து வாங்க மனமில்லை. இணையத்தில் தேடி 'கிராக்' செய்த பிரதி ஒன்றை இறக்கினேன். அதோடு ஒரு குறிப்பும் இருந்தது: நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும், இந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்க்கவும். வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நான், ஒரு கேள்வியும் கேட்காமல் சொன்னபடி செய்தேன். மென்பொருளும் அருமையாக வேலை செய்தது. சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகத்தான் அது வேலை செய்கிறது.

சில வாரங்கள் கழித்து, கணினியைத் திறக்கும்போது ஒரு கறுப்புப் பெட்டி நொடிப்பொழுது மின்னி மறைவதைக் கவனித்தேன். ஸ்கேன் செய்தேன். 'அச்சுறுத்தல் எதுவும் இல்லை' என்று வந்தது. எப்படி வரும்? அந்த ஃபோல்டரைப் பார்க்காதே என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்திருந்தேனே!

பிறகு ஒரு மாலை, பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் போன் செய்தார். "சார், நீங்க மெயில்ல அனுப்புன தேர்வுப்பணிப் பட்டியல் திறக்கவே மாட்டேங்குதே?"

நான் எதுவும் அனுப்பவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அப்படியா டீச்சர், நாளைக்கு வேற அனுப்புறேன்."

வெட்கம். கணினி பற்றி நன்றாகத் தெரிந்தவர் என்று ஒன்றியத்தில் எனக்குப் பெயர். திருட்டு மென்பொருளால் மாட்டிக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? நானே சரி செய்துவிடலாம் என்று 4 நாள் போராடினேன். சந்தேகமான கோப்பை அழித்தேன். கணினியை மீண்டும் திறந்தால் அது திரும்பவும் இருந்தது.

ஐந்தாம் நாள், கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் எடுத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப சார் தெரிஞ்சுது?"

"நாலு நாள் ஆச்சுப்பா."

அவர் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்த டீச்சருக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

சொல்லவில்லை. அந்த 4 நாளில் அவருடைய மின்னஞ்சலும் கைமாறிவிட்டிருந்தது. அதில் கல்வி உதவித்தொகைக்காக அவர் சேகரித்திருந்த 32 மாணவிகளின் ஆதார் நகல்கள், வங்கிப் புத்தக நகல்கள் இருந்தன. அவற்றை யாராவது எடுத்தார்களா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அன்று மாலையே "டீச்சர், அதைத் திறக்காதீங்க, நெட்டை அணைச்சிருங்க, பாஸ்வேர்டை மாத்துங்க" என்று சொல்லியிருந்தால் 2 நிமிடப் பேச்சு.

வெட்கம் எனக்கு மட்டும் உரியது அல்ல. மற்றவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம் காரணமில்லாமல் வருவதும் அல்ல. 1998இல் ஸ்வீடன் நாட்டுக்காரர் ஒருவர் 'நெட்பஸ்' என்ற நிரலை எழுதினார். தூரத்திலிருந்தே ஒருவருடைய கணினியின் சிடி தட்டைத் திறக்கலாம், மவுஸை நகர்த்தலாம். விளையாட்டு போலத் தோன்றியது. 1999இல், அதே நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சட்ட ஆய்வாளர் ஒருவரின் அலுவலகக் கணினியில் சிறார் ஆபாசப் படங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்தான் இறக்கினார் என்றே எல்லாரும் நம்பினார்கள். வேலை போயிற்று. பெயர் வெளியானதும் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. 2004இன் இறுதியில், நெட்பஸ் மூலம் அவருடைய கணினி வேறொருவரால் இயக்கப்பட்டது என்று கண்டு, நீதிமன்றம் அவரை விடுவித்தது. இழந்த 5 ஆண்டுகளை யார் தருவார்கள்? ஆகவே ஒரு சக ஆசிரியரின் கணினியிலோ மாணவரின் கணினியிலோ தகாத ஒன்று தென்பட்டால், கொல்லைக் கதவு திறந்திருந்ததா என்று முதலில் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று. 2024 மார்ச் மாதம், ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து ஒரு லினக்ஸ் கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடவில்லை. தோண்டிப் பார்த்தபோது, உலகெங்கும் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்ற கோப்புச் சுருக்கு மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ பேக்டோர் வைத்திருப்பது தெரிந்தது. உடனே பொதுவெளியில் அறிவித்தார். பெரும்பாலான கணினிகளுக்கு அது போய்ச் சேரும் முன்பே தடுக்கப்பட்டது. சிறு மாற்றத்தைக் கவனித்தார், கவனித்ததை உடனே சொன்னார். வகுப்பில் ஒரு பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்டுபிடிக்கும் நமக்கு முதல் பாதி கைவந்த கலைதான். இரண்டாம் பாதியில்தான் நான் தவறினேன்.

சரி, சந்தேகம் வந்தால் என்ன செய்வது? என் மாணவர் எனக்குக் கற்றுத் தந்த வரிசையிலேயே சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். வெளியே இருப்பவனின் கை அப்போதே அறுந்துவிடும்.

இரண்டாவது, சொல்லுங்கள். பள்ளிக் கணினி என்றால் தலைமையாசிரியரிடம். அதை நீங்களாகவே சுத்தம் செய்ய வேண்டாம். சொந்தக் கணினி என்றால், உங்களிடமிருந்து மின்னஞ்சல் போயிருக்கக்கூடிய அனைவரிடமும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கணினியில் எதையும் அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி.

மூன்றாவது, கடவுச்சொற்களை மாற்றுங்கள். அதே கணினியில் அல்ல! அங்கே தட்டினால் புதியதும் அவனுக்குப் போய்விடும். நம்பகமான வேறு கணினியிலோ கைப்பேசியிலோ மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு எமிஸ். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியையும் அழுத்துங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

நான்காவது, விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்றிருக்கும். அதில் நீங்கள் அறியாத எது இருந்தாலும் நீக்குங்கள். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்' ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக விழிக்கும் முன்பே சோதிக்கும். விழித்திருக்கும் திருடன் ஒளிந்துகொள்வான்; அவன் எழும் முன் பிடிப்பது எளிது. நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா'விலும் இதற்கான கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஐந்தாவது, அழித்த கோப்பு ஏன் திரும்ப வருகிறது என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பட்டியலையும், 'டாஸ்க் ஷெட்யூலர்' பட்டியலையும் பாருங்கள். என் கணினியில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கோப்பை மீண்டும் வைக்கும்படி ஒரு வேலை அங்கே எழுதப்பட்டிருந்தது. அந்தக் கறுப்புப் பெட்டி அதுதான். நான் 4 நாளும் திருடனை விரட்டினேனே தவிர, தாழ்ப்பாளைப் போடவில்லை.

ஆறாவது, இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, கணினியை முழுவதும் அழித்து விண்டோஸை முறையான வழியில் புதிதாக நிறுவுங்கள். நிறுவும் மென்பொருள் கோப்புகள் எதையும் பழைய கணினியிலிருந்து கொண்டுவர வேண்டாம். வலிக்கும், ஆனால் உறுதியான வழி இதுதான். நானும் அதைத்தான் செய்தேன்.

திரும்ப வராமலிருக்க, கிராக் மென்பொருள் வேண்டவே வேண்டாம். பிடிஎஃப் கோப்பைத் திருத்த 'லிப்ரே ஆபிஸ் டிரா' இலவசமாகவே இருக்கிறது. எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் இந்த உரையே இல்லை. கோப்புகளின் பின்னொட்டு தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள், 'பட்டியல்.பிடிஎஃப்' போலத் தோன்றுவது கடைசியில் '.இஎக்ஸ்இ' என்று முடிந்தால் அது பட்டியல் அல்ல. தினசரி வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கைப் பயன்படுத்துங்கள். அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த ஆசிரியையிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சார், அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த 32 மாணவிகளின் பெற்றோர்களைப் பள்ளிக்கு அழைத்து, நடந்ததைச் சொன்னோம். வங்கியிலிருந்து பேசுவதாக யார் கேட்டாலும் ஓடிபி எண்ணைச் சொல்லக்கூடாது என்று விளக்கினோம். ஒரு தாய் எழுந்து, "நீங்களே வந்து சொன்னீங்களே, அது போதும்" என்றார்.

இப்போது என் வகுப்பில் ஒரு விதி இருக்கிறது. போனிலோ கணினியிலோ தவறாக எதையாவது அழுத்திவிட்டால் என்னிடம் வந்து சொல்லலாம். அன்றைக்குத் திட்டு கிடையாது. சென்ற மாதம் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி வந்து, "சார், அப்பா போன்ல ஒரு லிங்க்கை அமுக்கிட்டேன்" என்றான். வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டு அவனுடைய அப்பாவுக்குப் போன் செய்தேன்.

உங்கள் வகுப்பிலும் அந்த விதி இருக்கட்டும். ஆசிரியர் அறையிலும் இருக்கட்டும்.