நிற ஆழமும் நிரல் நோக்கும் யந்திரமும்

கணினித் திரையிலே ஒரு செம்பருத்தி மலரின் படம் தோன்றுகின்றது. அம்மலரின் செம்மை கண்ணுக்கு ஒரே செம்மையாய்த் தெரியினும், திரைக்கு அது மூன்று எண்களே. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றனுள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிட் ஒதுக்கப்படுகின்றது என்பதையே நிற ஆழம் என்பர். 6 பிட் எனின் 2,62,144 நிறங்கள். 8 பிட் எனின் 1,67,77,216. 10 பிட் எனின் நூறு கோடிக்கும் மேல். ஆழம் குறைந்த திரையில் அந்தி வானம் பட்டை பட்டையாகத் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர்.

கணினிக்கும் திரைக்குமிடையே தூது செல்வது இயக்கி என்னும் மென்பொருள். திரை தன் தகுதிகளை ஈ.டி.ஐ.டி. என்னும் சிறு குறிப்பில் எழுதி வைத்திருக்கும். அக்குறிப்பின் 1.4ஆம் பதிப்பில் நிற ஆழத்துக்கு மூன்று பிட் இடமே உண்டு. 1 முதல் 6 வரையுள்ள எண்கள் முறையே 6, 8, 10, 12, 14, 16 பிட்டைக் குறிக்கும். 0 என்பது சொல்லப்படவில்லை என்பதாகும். 7 பயன்படுத்தப்படாது விடப்பட்டது.

இங்கேதான் ஒரு பொறி இருக்கின்றது. இரண்டாற் பெருக்கி நான்கைக் கூட்டினால் விடை வந்துவிடும் எனக் கெட்டிக்கார நிரலாளர் ஒருவர் எண்ணலாம். 1 முதல் 6 வரை அவர் கணக்கு அணுவளவும் பிழையாது. ஆயின் 0 வந்தால் 4 பிட் என்றும், 7 வந்தால் 18 பிட் என்றும் அது கூறிவிடும்! லினக்ஸ் இயக்கிகளில் ஆறு நிலைகளும் தனித்தனியே எழுதப்பட்டு, எஞ்சியவை அறியப்படாதவை எனத் தள்ளப்படுகின்றன. அழகு குறைந்த முறைதான். ஆனால் பத்திரமான முறை.

இத்தகைய வழுக்களை நிரலை வாசித்தே கண்டுபிடிக்கும் யந்திர முறை புதியதன்று. பெல் ஆய்வுகூடத்து ஸ்டீபன் ஜோன்சன் 1978ஆம் ஆண்டிலே 'லின்ற்' என்னும் கருவியை ஆக்கினார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் 'ஸ்பார்ஸ்' என்பதைத் தொடங்கினார். அண்மைய ஆண்டுகளிலோ, பெரும் மொழி மாதிரிகள் திருத்தங்களை வாசித்து, மனிதர் எழுதுவதுபோலவே குறிப்புரையும் எழுதுகின்றன. முன்னைய கருவிகள் இலக்கணப் பிழை பார்த்தன எனின், இவை பொருட்பிழையும் பார்க்க முயல்கின்றன.

பொருட்பிழை எத்தகையது? 4கே படத்தை விநாடிக்கு 60 தடவை அனுப்ப 594 மெகாஹேர்ட்ஸ் வேகம் வேண்டும். 2013இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 இணைப்பின் எல்லை 600. 8 பிட் ஆழத்தில் இது மட்டுமட்டாக அடங்கிவிடும். 10 பிட் ஆக்கினால் வேகம் நான்கிலொரு பங்கு கூடி 742.5 ஆகின்றது. திரை 10 பிட் ஏற்பதாகக் கூறியது உண்மை. இயக்கியும் அதனைச் சரிபார்த்தது. ஆனால் வடம் தாங்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. விளைவு, இருண்ட திரை. பிழையை அறிவிக்கவேண்டியதும் அதே திரையாதலால், பயன்படுத்துபவர் காரணம் அறியாது திகைப்பார். ஆழத்தை 8 ஆகக் குறைப்பதோ, நிறத் தகவலைச் சுருக்கி அனுப்புவதோ இயக்கியின் கடமை.

யந்திரம் இங்கு, "ஆழம் மட்டும் பார்க்கப்படுகிறது, வேகம் பார்க்கப்படவில்லை" என்று எழுதக்கூடும். அது மெய்யாகவும் இருக்கலாம். அச்சோதனை வேறொரு கோப்பில் முன்னரே நடந்திருப்பின் வீண் ஐயமாகவும் முடியலாம். கொடுக்கப்பட்ட பக்கத்தை மட்டும் வாசிக்கும் வாசகருக்கு அடுத்த அறையில் நடப்பது தெரியாதன்றோ? வீண் ஐயங்கள் பெருகினால், பராமரிப்பாளர் மெய்யான எச்சரிக்கையையும் வாசியாது விட்டுவிடுவார். இதுவே இம்முறையின் பெரிய ஆபத்து.

மறுபுறம், மனிதர் பல ஆண்டு கவனியாது விட்டவையும் உண்டு. பழைய லினக்ஸ் திரை இயக்கிகள் சிலவற்றில், புள்ளியொன்றுக்குரிய நேரத்தை நிரல் ஒன்று 0 எனக் கொடுத்தால், அந்தப் பூச்சியத்தால் வகுக்க முயன்று கணினி இடறியது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஒவ்வோர் இயக்கியாக இது திருத்தப்பட்டது. வகுக்குமுன் பூச்சியமா என்று பார்க்கும் ஓரிரு வரிகளே திருத்தம். பூச்சியத்தால் வகுக்கலாகாது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆயினும் அவ்வரிகள் அங்கே இல்லை.

ஆதலின் யந்திரத்தின் குறிப்பு வந்ததும், பராமரிப்பாளர் முதலில் அச்சோதனை வேறெங்கும் உண்டா என்று தேடுகின்றார். இல்லையெனின் 10 பிட் திரையொன்றை வடத்தில் மாட்டி, படம் வருகின்றதா என்று பார்க்கின்றார்.