போர்க்களங்களைப் பேணுதல்

(வட்டார அலுவலர்களுக்கும் ஊராட்சிச் செயலாளர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

இன்று காலை முதல் குடிநீர், சாலை, தெருவிளக்கு, சுகாதாரம் ஆகியவற்றைப் பற்றி நண்பர்கள் பலர் பேசினார்கள். எனக்குத் தரப்பட்ட பொருள் சற்று வேறானது. நம் ஊராட்சியின் எல்லைக்குள் பழைய போர்க்களம் ஒன்று இருக்குமாயின், அதனை எவ்வாறு பேணுவது, எவ்வாறு மேம்படுத்துவது, அதற்கு நீண்டகாலத் திட்டம் ஒன்றை எவ்வாறு வகுப்பது என்பதே அப்பொருள். போர்க்களத்துக்கும் வட்டார அலுவலகத்துக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவன்தான். அந்த எண்ணத்தால் நான் செய்த பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் இளம் அலுவலனாக இருந்த ஒரு வட்டாரத்தில், கிராமச் சாலை ஒன்றை மழைக்கு முன் முடிக்கவேண்டியிருந்தது. கரை போடுவதற்கு மண் தேவை. ஊருக்கு அருகில் புறம்போக்கில் ஒரு மேடு இருந்தது. தொலைவிலிருந்து மண் கொண்டுவந்தால் செலவு மிகும். ஆகவே அம்மேட்டிலிருந்து மண் எடுக்க ஒப்புதல் அளித்துக் கையொப்பமிட்டேன். சாலை குறித்த காலத்தில் முடிந்தது. மேலதிகாரிகளின் பாராட்டும் கிடைத்தது. சில நாட்கள் கழித்து ஒரு மூதாட்டியார் அலுவலகத்துக்கு வந்தார். “ரோடு நல்லாத்தான் இருக்கு ஐயா. நாங்க வருசா வருசம் பொங்கல் வைக்கிற மேடு எங்கே போச்சு?” என்று கேட்டார். அவருடைய முன்னோர் சண்டையிட்டு மடிந்த இடம் அது என்று அவ்வூரார் நம்பி வந்தனர். நான் போய்ப் பார்த்தபோது உடைந்த நடுகல் ஒன்று சாலையோரத்தில் கிடந்தது. கல்லை எடுத்து நிறுத்திவிட்டோம். மண்ணைத் திரும்ப வைக்க இயலவில்லை. அந்த அம்மையாரின் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

கோவில் இடிந்தால் அளவெடுத்துத் திரும்பக் கட்டலாம். போர்க்களத்தில் காக்கவேண்டிய பொருள் நிலமேயாகும். மேடும் பள்ளமும், ஓடையும் ஒற்றையடிப்பாதையும், எங்கிருந்து எது கண்ணுக்குத் தெரிந்தது என்பதுமே அதன் வரலாறு. இவற்றை மாற்றிவிட்டால் எத்தனை சிலைகள் வைத்தாலும் இழந்தது திரும்பாது. இன்றைய என் பேச்சின் சாரம் இவ்வளவே. இதனைப் பாஞ்சாலங்குறிச்சியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டப்பிடாரத்துக்கு அருகில் உள்ள அவ்வூரை அறியாத தமிழர் இல்லை. 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மன் தலைமையில் கும்பினிப் படை அக்கோட்டையைத் தாக்கிற்று. வீரபாண்டிய கட்டபொம்மன் அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். மார்ச்சு 31 அன்று கும்பினிப் படை நடத்திய தாக்குதல் தோல்வியுற்றது. பின்னர்ப் பெரும்படையும் பீரங்கிகளும் வந்துசேர்ந்து, மே 24 அன்றுதான் கோட்டை வீழ்ந்தது.

இத்துணை நாட்கள் பீரங்கியை எதிர்த்து நின்ற அக்கோட்டை கருங்கல்லால் ஆனதா? அன்று. முற்றுகையில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி 1830 இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் அதனை வருணித்திருக்கிறார். ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட ஒழுங்கற்ற வடிவம். சுமார் 12 அடி உயரச் சுவர். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. சுவர் முழுவதும் மண். பிசைந்து இறுகிய அந்த மண்ணுக்குள் குண்டுகள் புதைந்தனவேயன்றிச் சுவர் எளிதில் சரியவில்லை. மண்ணின் தன்மையை அறிந்த உழவர்களின் கைத்திறனே அந்தக் கோட்டை. வெற்றிபெற்றவர்கள் அதனைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இன்று அவ்வூருக்குச் செல்வோர் முதலில் காண்பது 1974 ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையை. அது நன்றியறிதலின் சின்னம். பள்ளிப் பிள்ளைகள் அங்கு சென்று வரலாற்றை அறிகின்றனர். ஆனால் பழைய கோட்டை இருந்த மண்மேட்டின் எச்சங்களையும், அப்போர்களில் மடிந்த கும்பினிப் படையினரின் கல்லறைகளையும் எத்தனை பேர் நின்று பார்க்கின்றனர்? கட்டடம் கண்ணைக் கவர்கிறது; மண் பேசாமல் கிடக்கிறது. பேசாமல் கிடப்பதற்கே பாதுகாப்பு மிகுதியாக வேண்டும்.

இதே சிக்கலை நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் வேற்று நாட்டு ஊர் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், பென்சில்வேனியா மாநிலத்துக் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை பெரும்போர் நிகழ்ந்தது. மாண்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் என இருதரப்பிலும் ஏறத்தாழ 51,000 பேர். போர் நடந்த இடங்கள் கோதுமை வயல்களும் பீச் பழத் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களுமாகும். மறு ஆண்டே, 1864 இல், அக்களத்தைப் பேணுவதற்கு ஒரு சங்கம் அமைந்தது. 1895 இல் அது நாட்டின் போர்க்களப் பூங்காவாக ஆயிற்று. 1933 முதல் தேசியப் பூங்காத் துறை அதனை நிருவகிக்கிறது. இப்போது அதன் பரப்பு ஏறத்தாழ 6,000 ஏக்கர்.

அங்கும் பிழைகள் நேர்ந்தன. 1890களில் களத்தின் ஊடாக மின்சார டிராம் பாதை போடப்பட்டது. களத்தைப் பேணுவதற்காக நிலத்தை எடுத்தல் பொதுப் பயன்தான் என்று 1896 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974 இல், நம் நினைவுக் கோட்டை எழுந்த அதே ஆண்டில், தனியார் ஒருவர் அங்கே 307 அடி உயரக் கோபுரம் ஒன்றை நிறுவிக் கட்டணம் பெற்றுக் களத்தைக் காட்டலானார். களத்தில் எங்கு நின்றாலும் அக்கோபுரமே கண்ணை உறுத்திற்று. இறுதியில் 2000 ஜூலை 3 அன்று, போரின் நினைவுநாளிலேயே, அரசு அதனைத் தகர்த்தது.

1999 இல் அப்பூங்காவுக்கு வகுக்கப்பட்ட நீண்டகாலத் திட்டத்தைக் கவனியுங்கள். பெரிய கட்டடங்களைக் களத்தின் நடுவே பெருக்குவது அதன் நோக்கமாக இல்லை. போருக்குப் பின் வளர்ந்து பார்வையை மறைத்த மரங்களை அகற்றுதல், அழிந்துபோன பழத்தோட்டங்களைத் திரும்ப நடுதல், பழைய வேலிகளை அமைத்தல் ஆகியவை அதன் பணிகள். களத்தின் நடுவே நின்ற பார்வையாளர் நிலையத்துக்கு மாற்றாக, முக்கியப் போர்முனைகளுக்கு அப்பால் 2008 இல் புதியது திறக்கப்பட்டது. பூங்காவுக்குள் உள்ள விளைநிலங்களில் உள்ளூர் விவசாயிகள் குத்தகைக்குப் பயிரிடுகின்றனர். உழவன் உழுதுகொண்டிருப்பதனாலேயே களம் களமாக நிற்கிறது. மக்கள் பெருந்திரளாக நடந்து நடந்து மண் அரித்துப்போன ஒரு குன்றை 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை மூடிவைத்துச் செப்பனிட்டார்கள். பாறைக் குன்றுக்கே அந்நிலையென்றால், நம் மண்மேட்டின் கதி என்னவாகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அந்நாட்டின் செல்வம் நம்மிடம் இல்லை; அத்துணைப் பரப்பும் நமக்கு வேண்டியதில்லை. அவர்கள் காலத்தைக் கணக்கிட்ட முறையை மட்டும் நாம் மேற்கொள்ளலாம். நம் திட்டங்கள் பெரும்பாலும் மார்ச்சு 31 உடன் முடிவன. போர்க்களத்துக்கோ இருபத்தைந்து ஆண்டுக் கணக்கு வேண்டும். அதனை நான்கு படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

முதற்படி, முதல் ஓராண்டு. இவ்வாண்டில் எதையும் கட்டவேண்டாம். புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களோடு நடந்து, மேடு, ஓடை, ஊருணி, நடுகல், கல்லறை, பழைய பாதை ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். எந்தச் சர்வே எண் யாருடையது, எது புறம்போக்கு என்பது தெளிவாகவேண்டும். அவ்வரைபடத்தைக் கிராம சபையில் வைத்துப் படித்துக்காட்டவேண்டும். மைய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னமாயின், 2010 இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை உரிய அனுமதி பெற்றே கட்டலாம். இது தெரியாமல் வீடு கட்டத் தொடங்கி வழியில் நிற்கும் ஏழைகளை நாம் கண்டிருக்கிறோம். முன்கூட்டியே சொல்வது நம் கடமை.

இரண்டாம் படி, ஐந்து ஆண்டுகள். மண்ணுக்கு முதற்பகை மழைநீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பேய்மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. அத்தகைய மழை மீண்டும் வரும் என்று கொண்டே திட்டமிடவேண்டும். மேட்டின் மேல் விழும் நீர் அதனை அறுக்காமல் விலகிப்போகத் தொல்லியல் துறையின் மேற்பார்வையில் வடிகால் வேண்டும். மேட்டின் மேல் புல் போர்த்தியிருக்கவேண்டும். சீமைக் கருவேலத்தை இயந்திரம் கொண்டு வேரோடு பறித்தால், வேருடன் கோட்டையும் வந்துவிடும். தரைமட்டத்தில் கையால் வெட்டி, தளிர்க்கும்போதெல்லாம் திரும்ப வெட்டுவதே முறை. ஆண்டுதோறும் சிலருக்கு வேலையும் கிடைக்கும்.

மூன்றாம் படி, பத்தாம் ஆண்டு வரை. வண்டி நிறுத்துமிடம், குடிநீர், கழிப்பிடம், நிழல் ஆகியவை களத்துக்கு வெளியே, ஊரை ஒட்டி அமையட்டும். அங்கிருந்து வருவோர் நடந்துசென்று பார்க்கட்டும். கருப்பட்டியும் பதநீரும் கம்பங்கூழும் விற்கும் மகளிர் குழுவினருக்கு அந்நடை நான்கு காசு தரும். களத்தைப் பற்றி விளக்கிச் சொல்லும் வேலைக்கு உள்ளூர் இளைஞர்களையே பழக்கவேண்டும்.

நான்காம் படி, இருபத்தைந்தாம் ஆண்டு வரை. இது பார்வையைக் காக்கும் பணி. அந்த மாவட்டம் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் பெருகிவரும் மாவட்டம். அவை நாட்டுக்குத் தேவையானவை. ஆயினும் எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு வெட்டவெளியாக இருக்கவேண்டும் என்பதை முன்னரே வரையறுத்துவிட்டால், பின்னர் வழக்கும் வருத்தமும் இராது.

இத்திட்டத்தின் உயிர்நிலை சுற்றிலும் உள்ள கரிசல் நிலத்தின் சொந்தக்காரர்களிடம் இருக்கிறது. இத்தகைய ஓர் ஊரில் நான் பேசியபோது ஒரு விவசாயி எழுந்து, “ஐயா, பூங்கா என்று சொல்லி எங்கள் நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறீர்களா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பூங்கா என்றவுடன் கம்பிவேலியும் பூஞ்செடியும் நம் கண்முன் வருகின்றன. கரிசலில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைந்துகொண்டிருந்தால் அதனினும் சிறந்த போர்க்களப் பூங்கா வேறில்லை. வேண்டுவது, மண்ணை அள்ளி விற்காமலும், மேட்டைச் சமன்படுத்தாமலும், உயர்ந்த கட்டடம் எழுப்பாமலும் இருப்பதற்கான உடன்பாடு. அதற்கு ஈடாக அவருடைய வயற்பாதையைச் செப்பனிடுவதிலும் பண்ணைக்குட்டை அமைப்பதிலும் முன்னுரிமை தரலாம். வெறும் கையோடு போய்த் தியாகத்தைப் போதிப்பது அலுவலர்க்கு அழகன்று.

மற்றொன்று. கட்டபொம்மனோடு வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் நின்றனர்; பல சமூகத்தாரும் ஒரே மண்சுவருக்குப் பின்னால் நின்றனர். நினைவிடத்தை யார் உரிமை கொண்டாடுவது என்று இன்று நாம் பூசலிடுவோமாயின் அவர்களைச் சிறுமைப்படுத்தியவர்கள் ஆவோம். எதிரியின் கல்லறையையும் சேர்த்தே பேணவேண்டும். அதனை அழித்தால் நம் வீரத்துக்கான சான்றில் ஒரு பகுதி அழியும். களத்தின் வரைபடம் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் வைக்கப்படவேண்டும் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுதியாக, நிதியைப் பற்றி ஒரு சொல். கட்டுவதற்கு நிதி ஒருமுறை கிடைக்கும், திறப்புவிழாவும் நடக்கும். புல்லைப் பேணவும் வடிகாலைத் தூர்வாரவும் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். அதற்கு விழா இல்லை, கல்வெட்டில் பெயரும் இல்லை. ஆகவே கட்டடச் செலவைக் குறைத்தேனும் பராமரிப்புக்கு நிலையான தொகை ஒதுக்கப்படவேண்டும் என்பதை மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள். நாம் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவோம், கோப்பு இருக்கும்.

நண்பர்களே, ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த சபையில், உங்கள் ஊரில் முன்னோர் பொருது மடிந்த இடம் உண்டா என்று ஒருமுறை கேளுங்கள். எங்கேனும் ஒரு மூதாட்டியார் கைகாட்டுவார். எழுந்துபோய் அவரோடு அந்த மேட்டைப் பாருங்கள்; சாலைக்கு மண் எடுக்கும் தாளில் கையொப்பமிடுவதற்கு முன்பே பாருங்கள். நான் பார்க்கத் தவறியதை நீங்கள் பார்த்தால், இன்று இங்கே பேசியதற்கு அதுவே எனக்குப் போதிய பயனாகும்.