நான்காமவருக்கு இடும் மதிப்பெண்



நாம் கூடியிருக்கும் இத்துறைமுகம் 1901ஆம் ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்டபோது, மலேரியாக் காய்ச்சல் இங்குக் கடுமையாகப் பரவியது. சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்து அதனைக் கட்டுப்படுத்திய மருத்துவர் மால்கம் வாட்சனின் பெயர் வரலாற்றில் நிலைத்துள்ளது. தோட்டத்து லயங்களில் கொயினா கொடுத்தும் புண்ணுக்குக் கட்டுப்போட்டும் உழைத்த 'டிரசர்'களின் பெயர்களோ நிலைக்கவில்லை.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாக்கி, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து செயற்படுபவரையும் சேர்த்தே எண்ணுகிறது. அந்த நான்காமவரின் வழிவந்தவரே இன்றைய உதவி மருத்துவ அதிகாரி. 1977ஆம் ஆண்டின் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இப்பணிக்குச் சட்டத்தகுதி அளித்தது. இதற்குரிய மூன்றாண்டு டிப்ளோமா கல்வியில் மருத்துவமனைப் பயிற்சி இன்றியமையாத பகுதி. அப்பயிற்சியில் மாணவரின் ஒழுக்கத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே என் பொருள்.

முதலாவது, ஒழுக்கத்தைத் திறனோடு கூட்டிச் சராசரி காணலாகாது. எழுத்துத் தேர்வில் தொண்ணூறு பெற்ற மாணவர், அளந்து பாராத இரத்த அழுத்தத்தை அளந்ததாகப் பதிவேட்டில் எழுதினால், அத்தொண்ணூறு அப்பொய்யை ஈடுசெய்யாது. அடுத்த மருத்துவர் அவ்வெண்ணை நம்பியே மருந்தின் அளவை முடிவுசெய்வார். ஆகவே ஒழுக்கம் தனியே தேறவேண்டிய ஒன்று.

இரண்டாவது, மதிப்பீட்டின் சொற்கள் தெளிவாக இருத்தல் வேண்டும். "அக்கறை போதாது" என்பது ஒருவரின் கருத்து. "மூன்று நாள் தாமதமாக வந்தார், தகவல் தரவில்லை" என்பது கண்ட செயல். முன்னது, இயல்பாகவே பேச்சுக் குறைந்த மாணவரையும் குற்றவாளியாக்கிவிடும். பின்னதை அவர் மறுக்கலாம், விளக்கலாம், திருத்திக்கொள்ளலாம். திருத்தத்திற்கு இடமளிக்க வேண்டுமாயின், குறையைப் பயிற்சியின் இடையிலேயே சொல்லவேண்டும். இறுதி நாளில் மட்டும் சொல்வது தண்டனையே, கற்பித்தல் அன்று.

மூன்றாவது, கேட்கும் பண்பும் மதிப்பிடப்படுதல் வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த மூதாட்டி "கிறுகிறுன்னு வருது, நெஞ்சு அடைக்குது" என்கிறார். அதனைத் "தலைவலி" என்று சுருக்கி எழுதும் மாணவர், மொழியில் மட்டுமன்றிக் கடமையிலும் தவறுகிறார். விளங்காவிடில் மீண்டும் கேட்பதும், மொழி அறிந்தவரை அழைப்பதும், "எனக்குத் தெரியவில்லை" என்று மேலவரிடம் ஒப்புக்கொள்வதும் மதிப்பெண் பெறத்தக்க செயல்களே. தெரியாமையை ஒப்புக்கொண்டவருக்கு மதிப்பெண் குறைத்தால், மறைக்கக் கற்பித்தவர்கள் நாமே ஆவோம்.

அன்று டிரசரின் சொல்லை நம்பித் தம் குழந்தையை ஒப்படைத்த தாய்க்கு, அவர் தேறியவரா என்று அறிய வழியில்லை. இன்றைய தாய்க்கும் அவ்வழி எளிதன்று. அவர் சார்பில் அறிந்து சொல்லும் பொறுப்பே மதிப்பெண் இடுவோரின் கையில் உள்ளது. தகுதியற்றவரைத் தேறவைக்கும் இரக்கத்தின் விலையை அத்தாயே கொடுக்க நேரும்.