பூட்டைத் திறந்த கைகள்



மாரெட்பள்ளியில் நம் பிள்ளை ஒருவன் கைப்பேசியைக் கழற்றினால், “கெடுத்துவிட்டானே!” என்று கடிந்துகொள்கிறோம். யானும் கடிந்தவனே.

2010-ஆம் ஆண்டில் சீன நாட்டில் ஷியோமி என்னும் சிறு நிறுவனம் தோன்றிற்று. அதற்கெனக் கைப்பேசி இல்லை. பிறர் செய்த கைப்பேசிகளில் ஏற்றத்தக்க மாற்று மென்பொருளையே அது முதலில் ஆக்கிற்று. கருவிகளின் மென்பொருட் பூட்டைத் திறந்து மாற்றிப் பார்க்கும் ஆர்வலர் பலர் அதனை ஏற்றிப் பார்த்தனர். குறைகளை எழுதி அனுப்பினர். வாரந்தோறும் அது திருத்தம் பெற்றது. மறு ஆண்டே அந்நிறுவனம் சொந்தக் கைப்பேசியை வெளியிட்டது. 2015-இல் நம் தாயகத்தின் எல்லையை ஒட்டிய ஆந்திரத்து ஸ்ரீசிட்டியிலும் அதன் கைப்பேசிகள் உருவாயின.

நம் தாயகத்தின் கதை வேறு. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் பின்லாந்து நாட்டு நோக்கியா ஆலை எழுந்தது. கோடிக்கணக்கில் கைப்பேசிகள் செய்தனர் நம்மவர். அவர்களுட் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஆனால் வடிவும் மென்பொருளும் வெளிநாட்டிலிருந்து வந்தன. பொருத்தும் வேலையே நம்முடையது. 2014 நவம்பரில் ஆலை நின்றது. வரி வழக்கும் அதற்கொரு காரணம். பொருத்தத் தெரிந்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். இன்று அவ்வட்டாரத்தில் ஐபோன் பொருத்துகின்றனர். அதன் வடிவம் கலிபோர்னியாவில் பிறக்கிறது.

சென்ற மாதம் என் பேரன் மீண்டும் ஒரு கைப்பேசியைக் கழற்றினான். இம்முறை யான் கடியவில்லை. திருகாணிகள் உருண்டோடாதிருக்க ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஒன்று மட்டும் இன்னும் அகப்படவில்லை.