மொழி காத்த தலைவி



ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம், ஆண்டுக்கொரு நாள் இவ்வாறு கூடும்போது நம் நாட்டுச் சான்றோரைப் போற்றுவது வழக்கம். இன்று சற்றே தொலைவில், வட அட்லாண்டிக் பெருங்கடல் நடுவே கிடக்கும் ஐஸ்லாந்துத் தீவுக்குச் செல்வோம். அங்கே 1980ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவராக வந்த விக்தீஸ் பின்போகதோத்திர் என்னும் அம்மையாரின் வரலாறு, நம் சங்கத்தார் எண்ணிப் பார்க்கத்தக்கது.

‘பின்போகதோத்திர்’ என்றால் ‘பின்போகியின் மகள்’ என்பது பொருள். அந்நாட்டாருள் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரே உடன்வரும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கி நிற்கும் நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

அம்மையார் 1930 ஏப்ரல் 15ஆம் நாள் தலைநகர் ரெய்க்யவிக்கில் பிறந்தார். தந்தையார் பொறியியல் வல்லுநர், தாயார் செவிலியர். பிரான்சு நாட்டில் பயின்று திரும்பிய அம்மையார், பள்ளியிலும் பின்னர்த் தொலைக்காட்சி வாயிலாகவும் பிரெஞ்சு மொழி கற்பித்தார். 1972 முதல் 1980 வரை ரெய்க்யவிக் நாடக மன்றத்தை நடத்தினார். மணவிலக்குப் பெற்ற அவர், 1972இல் ஒரு பெண் மகவைத் தத்தெடுத்துத் தனியே வளர்த்தார்.

1975 அக்டோபர் 24ஆம் நாள் ஐஸ்லாந்துப் பெண்டிருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் வீட்டு வேலை, வெளி வேலை இரண்டையும் நிறுத்தினர். பள்ளிகளும் கடைகளும் மூடின. தந்தையர் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றனர். அந்த ஒரு நாள் இல்லையேல் தாம் தலைவராகியிருக்க முடியாது என்று அம்மையாரே பின்னாளில் கூறியுள்ளார்.

1980இல் மூன்று ஆடவரை எதிர்த்து அவர் தேர்தலில் நின்றார். கணவர் இல்லாத பெண் நாட்டுத் தலைமையை எவ்வாறு ஏற்பார் என்று கேட்டனர். புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்தவர் என்பதையும் பேச்சாக்கினர். மக்களுக்குப் பாலூட்ட அன்று, தலைமை தாங்கவே வருகிறேன் என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். ஜூன் 29ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 33.8 விழுக்காடு பெற்று வென்றார். அடுத்து வந்தவரைவிட அவர் கூடுதலாகப் பெற்றவை இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளே.

1960இல் இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் உலகின் முதற்பெண் பிரதமரானதை நாம் அறிவோம். ஆனால், மக்கள் நேரடியாக வாக்களித்து நாட்டின் தலைவராகத் தேர்ந்த முதற்பெண் விக்தீஸ் அம்மையாரே.

அப்பதவிக்கு ஆளும் அதிகாரம் மிகுதியில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. 1985இல் விமானப் பணிப்பெண்களின் வேலைநிறுத்தத்தை முடிக்க ஒரு சட்டம் வந்தது. வந்த நாளோ பெண்டிர் வேலைநிறுத்தத்தின் பத்தாம் ஆண்டு நாள். அம்மையார் உடனே ஒப்பமிடாது தயங்கினார், முடிவில் ஒப்பமிட்டார். பெண்டிர் பலர் மனம் வருந்தினர்.

ஆயின், அதிகாரம் குறைந்த இடத்திலிருந்து அவர் ஆற்றிய பணி பெரிது. சென்ற இடமெல்லாம் மூன்று மரக்கன்றுகள் நட்டார்: ஒன்று சிறுவர்க்கு, ஒன்று சிறுமியர்க்கு, ஒன்று இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு. அதனினும் மேலாகத் தம் மக்களின் மொழியைப் பற்றி ஓயாது பேசினார்.

அன்று அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 2,30,000. நம் நாட்டின் ஒரு நகரத்துக்கும் காணாது. ஆயினும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற தம் கதைகளை அவர்கள் இன்றும் பெருமுயற்சியின்றிப் படிக்கின்றனர். புதுப்பொருள் வந்தால் புதுச்சொல் படைக்கின்றனர். தொலைபேசிக்கு ‘சீமி’ என்று பெயர். நூலிழையைக் குறித்த பழஞ்சொல் அது. கணிப்பொறிக்கு எண்ணையும் குறிசொல்லும் பெண்ணையும் குறிக்கும் சொற்களை இணைத்து ‘தொல்வா’ என்றனர்.

இத்தகைய மொழிக்கு அரணாய் நின்றவர் பிரெஞ்சு ஆசிரியை என்பதை நாம் கருதுதல் வேண்டும். பிறமொழி கற்றல் தாய்மொழிக்குப் பகையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1984இலும் 1992இலும் போட்டியின்றித் தேர்ந்தார்; 1988இல் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்குக்கு மேல் வாக்குப் பெற்றார். பதினாறு ஆண்டுகள் பணியாற்றி, 1996இல் தாமே விலகினார். 1998இல் யுனெஸ்கோ நிறுவனம் அவரை மொழிகளுக்கான நல்லெண்ணத் தூதராக்கியது.

அன்பர்களே! நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுகின்றனர். வீட்டில் நாம் தமிழில் கேட்டால் வேறு மொழியில் விடை வருகிறது. ஊரிலுள்ள பாட்டிக்கு நான்கு வரி எழுதவும் அவர்கள் நம் கையை எதிர்பார்க்கின்றனர். அவர்களைக் கடிதல் தகாது. அவர்கள் கற்கும் மொழிகளைத் தடுத்தலும் தகாது. நம் சங்கத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரம் இல்லை. எனினும் மாலையில் ஒரு நாழிகை அவர்களோடு தமிழில் பேசவும், வாரம் ஒரு மடல் அவர்களே பாட்டிக்கு எழுதச் செய்யவும் எந்த அதிகாரமும் வேண்டுவதில்லை. அதனை இவ்வாண்டே தொடங்குவோமாக!