இல்லத்தை அணிசெய்தல்



'வீடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. மக்கள் குடியிருக்கும் மனை என்பது ஒன்று. பற்றுகளினின்றும் விடுபட்டு அடையும் பேறு என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், இக்காலத்து மாதச் சம்பளக்காரன் ஒருவன் தன் வீட்டை அலங்கரிக்கப் புகுந்து படும் பாட்டைக் கண்டிருந்தால், முதற்பொருளுக்கு வேறு சொல்லைத் தேடியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. சுவருக்கு எந்த வர்ணம், ஜன்னலுக்கு எந்தத் திரை என்று இனிமையாகத் தொடங்கும் பேச்சு, பல குடும்பங்களில் மனத்தாங்கலிலும் கடனிலுமே முடிகிறது.

இந்தத் தொல்லைக்குக் காரணம் என்ன? வீட்டை அணிசெய்யும்போது மூன்று குரல்கள் நம் காதில் ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. 'எனக்குப் பிடித்தது இது' என்கிறது ஒரு குரல். 'இப்போது எல்லோரும் வைத்துக்கொள்வது இது' என்கிறது இன்னொன்று. 'இருபது ஆண்டு கழித்தும் கண்ணுக்கு அலுக்காதது இது' என்கிறது மூன்றாவது. முதற்குரல் நம்முடைய சுவை. இரண்டாவது, அந்நாளில் நம் பெரியோர்கள் 'மோஸ்தர்' என்று அழைத்தது. மூன்றாவது நிலைபேறு. இம்மூன்றில் ஒன்றையேனும் வாயடைக்க முயல்வோமானால் வீடு குறைபட்டுப் போகும். அவற்றை எவ்வாறு இணக்குவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் பயன்படுத்திய சாய்வு நாற்காலி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கைப்பிடி இரண்டும் அவர் கைபட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. அவர் காலமான பின், ஊரிலிருந்து ரயிலில் டில்லிக்கு அதனைக் கொண்டுவந்தோம். தென் டில்லியில் நாங்கள் குடியிருந்த பழைய அரசாங்கக் குடியிருப்பின் தாழ்வாரத்தில் அது கிடந்தது. 2012-ஆம் ஆண்டில் தவணை முறையில் புதிய சோபா வாங்கினோம். அப்போது கனத்த மெத்தை வைத்த பழுப்பு நிறச் சோபாதான் எங்கும் பேச்சாக இருந்தது. புதியது வந்ததும் பழையது இடத்தை அடைப்பதாகத் தோன்றியது. தெருவில் கூவிக்கொண்டு வந்த பழைய சாமான்காரரிடம் முந்நூறு ரூபாய்க்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டேன்.

அவ்வாண்டு மார்கழியில் என் தாயார் வந்தார். டில்லியின் குளிர்காலத்தில் தாழ்வாரத்து வெயிலில் அந்த நாற்காலியில் அமர்ந்து காய்கறி நறுக்குவது அவர் வழக்கம். இரண்டு முறை தாழ்வாரம் வரை போய்த் திரும்பி வந்தார். "அப்பா நாற்காலி எங்கேடா?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பாயை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் விரித்துத் தரையில் அமர்ந்தார். முழங்கால் வலிக்காரர். அந்தக் குளிர்காலம் முழுவதும் புதிய சோபாவில் அவர் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. சோபாவின் மேலுறை நான்கு ஆண்டுகளில் உரிந்து போயிற்று. தவணைப் பணம் கட்டிய நினைவு மட்டும் உரியவில்லை.

இவ்வாறு பொருளின் மதிப்பறியாது கழித்துவிடுவது தனி மனிதர்களுக்கு மட்டும் நேர்வதன்று. ஒரு நகரத்துக்கே நேர்ந்திருக்கிறது. நாடு பிரிவினையுற்ற பின், பஞ்சாபின் புதிய தலைநகராகச் சண்டிகர் எழுந்தது. அதனை வகுத்த லெ கார்புசியேயின் உறவினரும் கூட்டாளியுமான பியர் ஜானரே என்பவர், 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கிப் பணியாற்றினார். அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வேண்டிய நாற்காலிகளும் மேஜைகளும் அவருடைய மேற்பார்வையில், தேக்கும் பிரம்பும் கொண்டு உள்ளூர்த் தச்சர்களால் செய்யப்பட்டன. கவராயத்தை விரித்து வைத்தது போன்ற கால்களை உடைய அந்த நாற்காலிகளை இன்று உலகெங்கும் அறிவர். ஆனால், எஃகும் பிளாஸ்டிக்கும் நாகரிகமாக வந்த பிற்காலத்தில், அவை மொட்டை மாடிகளில் குவிக்கப்பட்டன. கழிவுச் சாமானாக ஏலம் போயின. அவற்றை வாங்கிச் சென்றவர்கள் செப்பனிட்டு அயல்நாட்டு ஏலச் சாலைகளில் பெருந்தொகைக்கு விற்ற பிறகே நமக்குக் கண் திறந்தது. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் இத்தகைய பொருள்களை விற்கலாகாது என்று ஆணையிட்டது.

இந்த நிகழ்ச்சியைச் சொல்வதால், பழைய நாற்காலிகளுக்கு விலை கூடும், ஆகையால் பத்திரப்படுத்துங்கள் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டா. விலை பேசி வைக்கும் பொருள் அலங்காரமன்று, முதலீடு. நான் குறிப்பிட விரும்புவது வேறு. அந்த நாற்காலிகள் வெயிற்காலத்தில் முதுகுக்குக் காற்றை விட்டன. பின்னல் அறுந்தால் உள்ளூரிலேயே பின்னிக்கொள்ள முடிந்தது. ஒருவரே தூக்கி நகர்த்த முடிந்தது. அவற்றைக் கழித்த நாளிலும் இந்தக் குணங்கள் குறைந்துவிடவில்லை. நம் கண்தான் மாறிற்று.

நிலைத்த அழகு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்னும் எளிய சான்று ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டில், இந்திய அரசின் அழைப்பின்பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை ஒன்று அளித்தனர். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் தோன்றுவதற்கு அதுவே வித்து. அரண்மனைகளையும் கோயில்களையும் கொண்ட இந்நாட்டில், அவர்கள் மிக வியந்து எழுதிய பொருள் எது தெரியுமா? நம் வீட்டில் தண்ணீர் மொள்ளும் செம்பு! அது எவ்வளவு கொள்ளும், கைக்கு எவ்வாறு அடங்கும், நீர் எவ்வாறு ஊற்றும், நிறைந்திருக்கும்போதும் வெறிதாயிருக்கும்போதும் எவ்வாறு நிலைகொள்ளும், தரையில் வைத்தால் எப்படி ஒலிக்கும் என்றெல்லாம் அவர்கள் ஆராய்ந்தனர். எந்தத் தனி மனிதனும் அச்செம்பை வடிவமைக்கவில்லை. பல தலைமுறைகள் புழங்கிப் புழங்கித் திருத்திய வடிவம் அது. ஒரு பொருளை வாங்குமுன் நாமும் இக்கேள்விகளில் இரண்டொன்றைக் கேட்டுப் பார்த்தால், பாதிப் பொருள்கள் கடையிலேயே தங்கிவிடும்.

அப்படியானால் புது மோஸ்தரே கூடாதா? அவ்வாறு சொல்வதற்கில்லை. இன்று பழமை என்று நாம் போற்றுவது முன்னொரு நாள் புதுமையாக வந்ததேயாகும். செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூணும், இத்தாலியச் சலவைக் கல்லும், பெல்ஜியக் கண்ணாடியும் ஏறியபோது அவை அக்காலத்துப் புதுமைகள். நம்மவர் அவற்றைத் தம் முற்றத்துக்கும் வளவுக்கும் பொருந்துமாறு அமைத்துக்கொண்டதனால் அவை நம்முடையனவாயின. சிவப்புச் சிமெண்டுத் தரையை மொசைக் தரை விரட்டியது. மொசைக்கைப் பளபளக்கும் ஓடுகள் விரட்டின. இப்போது மொசைக் மீண்டும் மதிப்புடன் திரும்பி வந்திருக்கிறது. மோஸ்தர் என்பது ராட்டினம். ஏறி ஒரு சுற்றுச் சுற்றி மகிழலாம்; அதன்மேல் குடித்தனம் நடத்த முடியாது.

ஆகவே நடைமுறைக்கு உகந்த ஒரு வழியைக் கூறுகிறேன். வீட்டில் உள்ளவற்றை, எளிதில் மாற்ற முடியாதவை, எளிதில் மாற்றக் கூடியவை என இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தரை, கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி, உணவு மேஜை ஆகியவை முதல் வகை. இவற்றில் வேலைப்பாடு குறைந்ததாகவும், உறுதி மிக்கதாகவும், பழுது பார்க்கத் தக்கதாகவும் தேர்ந்தெடுங்கள். திரைச் சீலை, தலையணை உறை, படுக்கை விரிப்பு, விளக்கின் மூடி ஆகியவை இரண்டாம் வகை. இவற்றில் மோஸ்தர் தாராளமாக விளையாடட்டும். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் மரக்கட்டை அச்சால் பூவேலை செய்த துணியாகட்டும், இந்த ஆண்டு புதிதாக வந்த நிறமாகட்டும், பிழையாகப் போனாலும் நட்டம் சில நூறு ரூபாய்தான்.

மற்றொன்று: புது வீட்டுக்குப் போனவுடன் எல்லாவற்றையும் வாங்கி நிரப்பிவிடாதீர்கள். ஓராண்டுக் காலம் அந்த வீட்டோடு பழகுங்கள். குறிப்பாக வட இந்தியாவில், தைத் திங்களில் வரவேற்கும் வெயிலே வைகாசியில் வாட்டி எடுக்கும். தெற்கு ஜன்னலில் குளிர்காலத்தில் எவ்வளவு தூரம் வெளிச்சம் உள்ளே வருகிறது, மேற்குச் சுவர் கோடையில் எப்படிக் கொதிக்கிறது என்பதெல்லாம் பருவங்கள் ஒரு முறை சுழன்றால்தான் தெரியும். குளிர்பதனப் பொறிகள் பரவுவதற்கு முன் டில்லிக்காரர்கள் வாயிலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தார்கள். கண்ணுக்கு அழகு, மூக்குக்கு மணம், உடலுக்குக் குளிர்ச்சி என மூன்றும் அந்த ஒரு தட்டியில் அமைந்தன. தட்பவெப்பத்தை மதித்த அலங்காரம் சீக்கிரத்தில் பழையதாவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழமையே ஒரு மோஸ்தராகிவிடுவதும் உண்டு. தலைநகரின் வரவேற்பறை ஒன்றில் செட்டிநாட்டுத் தூண் ஒன்றைக் கண்டேன். பிரித்து விற்கப்பட்ட ஏதோ ஒரு வீட்டிலிருந்து காரைக்குடிக் கடை வழியாக அது வந்திருந்தது. மெழுகிட்டு மினுக்கி, கீழே விளக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் அதன் தலைமேல் உத்தரம் இல்லை. எதையும் தாங்காமல், வந்தவர்கள் பார்ப்பதற்காக நின்றுகொண்டிருந்தது. பிறர் வீட்டு நினைவை விலைக்கு வாங்கி நம் வீட்டில் நிறுத்துவதைவிட, நம் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியை அடுப்படியில் வைத்துப் புழங்குவது மேல்.

நிலைபேறு என்பது பொருளில் மட்டும் இல்லை என்பதைப் பீகாரின் மிதிலைப் பெண்கள் நமக்கு உணர்த்துகின்றனர். திருமணக் காலங்களில் மணமக்கள் அறையின் சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் தீட்டுவது அவர்கள் மரபு. 1934-இல் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தில் வீடுகள் இடிந்தபோது, அங்கே அதிகாரியாக இருந்த ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர், சரிந்த சுவர்களினூடே அவ்வோவியங்களைக் கண்டு வியந்தார். 1966, 67-ஆம் ஆண்டுகளில் கொடிய வறட்சி வந்தது. அப்போது அகில இந்தியக் கைத்தொழில் வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்னும் ஓவியரை அனுப்பி, அப்பெண்களைக் காகிதத்தில் வரையத் தூண்டியது. சுவரில் பிறந்த கலை காகிதத்தில் ஏறி அவர்களுக்குச் சோறு அளித்தது. அவர்களுள் ஒருவரான ஜகதம்பா தேவி 1975-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இதில் கருத வேண்டியது என்ன? மண் சுவரில் தீட்டிய சித்திரம் எதுவும் என்றென்றும் இருப்பதற்காகத் தீட்டப்பட்டதன்று. மழையில் கரையும்; மெழுகினால் மறையும்; அடுத்த திருமணத்துக்கு மறுபடியும் வரைவார்கள். சித்திரம் அழிந்தது, கைப்பழக்கம் அழியவில்லை. நம் வாசலில் விடியற்காலை இடும் கோலமும் அத்தகையதே. நண்பகலுக்குள் காலடிபட்டுக் கலைந்துவிடும் அதனை, நிலையற்ற அலங்காரம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பழைய குடியிருப்பு இடிக்கப்பட இருந்தமையால், சில ஆண்டுகளுக்கு முன் அடுக்குமாடி ஒன்றுக்குக் குடிபெயர்ந்தோம். தாழ்வாரம் போயிற்று, முன்புறத்து வேப்பமரம் போயிற்று. வாசல் என்று சொல்லத் தக்கது மூன்றடி அகல நடை ஒன்றுதான். சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும் என்றாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அதுவே இப்போதைய வழக்கமாம். அழுது வடியும் நிறம் என்றாள் என் மனைவி. பேசிப் பேசி, கூடத்துக்கு வெள்ளையும், மகளின் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் சாம்பல் நிறமும் என்று முடிவாயிற்று. தரையில் பவானி ஜமக்காளம். அதன் அகன்ற வண்ணப் பட்டைகள் வெள்ளைச் சுவருக்கு முன்னைவிட எடுப்பாக அமைந்தன என்பதை முதலில் சொன்னவள் மகள்தான். வாங்கியது சிறிது, இடம் மாற்றியதே பெரிது.

அந்த ஆண்டும் மார்கழியில் என் தாயார் வந்தார். முதல் நாள் காலை, நடையில் சிறியதாக ஒரு கோலம் இட்டார். பிறகு கூடத்தில் நின்று நாற்புறமும் பார்த்தார். அவர் வருவதற்கு முந்திய வாரம் முழுவதும் என் மகள் ஒரு காரியம் செய்திருந்தாள். காலை பத்து மணி வெயில் எங்கே விழுகிறது என்று தினமும் பார்த்து வைத்து, பால்கனிக் கதவின் ஓரத்தில் சாதாரண மரநாற்காலி ஒன்றைப் போட்டு, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்திருந்தாள். நாற்காலியில் சிறப்பு ஒன்றும் இல்லை. முழங்காலுக்கு ஏற்ற உயரம் மட்டும் உண்டு. என் தாயார் காய்கறித் தட்டை எடுத்துக்கொண்டு போய் அதில் அமர்ந்தார்.

நான் முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்ட நாற்காலி இனித் திரும்பாது. ஆயினும் அந்த வீட்டில் யார் எங்கே அமர்வார்கள் என்று எண்ணிப் பார்த்து ஒருத்தி ஓர் ஆசனத்தை இட்டிருக்கிறாள். எந்த நிறம், எந்த மரம், எந்த மோஸ்தர் என்ற கேள்விகளையெல்லாம் அதற்குப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.