வெள்ளி ரூபாயில் பிழையும் பேதமும்



பழைய வெள்ளி ரூபாயில் கொஞ்சம் கோணல் தெரிந்தாலே அபூர்வம் என்று விலை சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கோணல் அச்சில் பிறந்ததா, காசை அடிக்கும்போது நேர்ந்ததா, நாணயச்சாலையை விட்டு வந்தபின் யார் கையிலாவது பட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கலை.

அச்சில் விரிசல் விட்டால் வெள்ளி அதற்குள் புகுந்து, காசில் மேடான கோடாக நிற்கும். பிற்பாடு விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டு, லென்ஸ் வழியாகப் பாருங்கள்; வித்தியாசம் தெரிந்துவிடும். அச்சு உழைக்க உழைக்க விரிசலும் நீளும். ஒரே அச்சில் அடித்த காசுகளை வரிசையாக வைத்து, எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். எனக்கு இதைவிட இன்பமான வேலை இல்லை.

சில சமயம் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த தகட்டில் ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் முகம் ஒழுங்காக விழும். மறுபக்கம் அதே முகம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். இதைப் போலியாகச் செய்பவர்கள் இரண்டு காசுகளை வைத்து நசுக்குகிறார்கள். பள்ளத்துக்கு அடியில் பழைய எழுத்தின் மிச்சம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

அச்சுப் பேதம் பிழையல்ல. 1840 என்று ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாயில், தலைக்கு மேல் எழுத்து தொடர்ந்து ஓடுவது ஒரு வகை. தலையின் இருபுறமும் பிரிந்து நிற்பது இன்னொரு வகை. பின்பக்கத்து மாலையில் உள்ள காய்களை எண்ணிக்கூட வகை பிரிக்கிறார்கள். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை, துதிக்கை குறுகிப் பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள்; 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். தப்பிய 1911 ரூபாய்க்கு இன்றும் தேட்டம் அதிகம்.

விக்டோரியா ரூபாய்களில் 1862 என்ற ஆண்டையே 1874 வரை போட்டு வந்தார்கள். அந்த ரூபாய்கள் சிலவற்றில் ஆண்டை ஒட்டிச் சின்னஞ்சிறு புள்ளிகள் இருக்கும். அவற்றைப் பிசிறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். உண்மையில் எந்த ஆண்டு அடித்தது என்று கண்டறிய உதவுபவை அவைதான். புளி போட்டுத் தேய்த்துவிட்டால், அந்தப் புள்ளிகளும் மழுங்கிவிடும்.